ரைஸ் மில்லில் இடம் பிடித்துக் கொடுத்தவனுக்கு

மொச்சை, என் மொச்சைக்கொட்டையே,

ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பேர் வேறு. கேஸ் பேப்பரிலும் கல்லறைச் சிலுவையிலும் அந்தப் பேர்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு யார் பிள்ளையோ செத்த மாதிரி இருக்கிறது எனக்கு. எடை குறைவாய்ப் பிறந்து, சுருங்கின மொச்சை மாதிரி துணிக்குள் கிடந்தவனுக்கு நான் வைத்த பேர் இது, இதைத்தான் எழுதுவேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். இது உனக்கு வந்து சேராது என்று தெரியும். உன் சிநேகிதர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த வாரம் நான் செய்ததைப் பற்றி டீக்கடையில் நின்று பேசிக்கொள்கிறார்கள். "பெத்தவளுக்கே ரோசம் இல்ல, நமக்கு இன்னாடா" என்று ஒருத்தன் சொன்னானாம். அவனும் படிக்கட்டும்.

நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷமும் நான் அழுததைவிடப் பல்லைக் கடித்ததுதான் அதிகம். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும்போது கரண்டியைச் சுவரில் அடித்து வளைத்துவிட்டேன். கோர்ட்டு வாசலில் உன்னை அடித்தவனை வேனிலிருந்து இறக்கினார்கள். அவன் பேரை நான் எழுத மாட்டேன். கூட அவன் மாமன் மட்டும் வந்திருந்தான். நான் செருப்பைக் கழற்றி வீசினேன். அது ஒரு போலீஸ்காரர் முதுகில் பட்டது. உன் அப்பா என்னை இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார வைத்து, "குறி கூட பாக்கத் தெரில உனக்கு" என்றார். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் கடைசியாகச் சிரித்தது.

உனக்கு இந்த இடம் பிடிக்கிற வேலை எப்படி வந்தது என்று உன் சிநேகிதர்களுக்குத் தெரியாது. ஆவணி பிறந்தால் அரக்கோணம் பக்கத்திலிருந்தும் திருவள்ளூர் பக்கத்திலிருந்தும் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் நம் ரோட்டில்தான் வருவார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலில் போய் பெரிய ரோட்டைப் பிடிப்பார்கள். காவித் துணி, வெறுங்கால், முன்னால் மாதா சொரூபம் வைத்த தள்ளுத் தேர். விடியலில் நடந்து, வெயில் ஏறினதும் எங்கேயாவது படுத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடப்பார்கள். படுக்கத்தான் இடம் கிடையாது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர். கேட்டுக்குக் கேட்டு செக்யூரிட்டி நின்று விசில் அடித்து விரட்டுவான். நிழல் என்றால் நிறுத்தி வைத்த கன்டெய்னர் லாரியின் நிழல்தான். பென்னலூர்கிட்டே அப்படி லாரிக்கு அடியில் படுத்திருந்த ஒரு பெரியவர் காலில் சக்கரம் ஏறியது. நீ முதல் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தாய். அவர் காலை உன் யூனிபார்ம் சட்டையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாய். அந்தச் சட்டையை நான் மூன்று தண்ணி மாற்றி அலசினேன். கறை போகவில்லை, நீயும் அதை மறக்கவில்லை.

மறுவருஷம் என்னைக் கேட்காமல் ஒரு கூட்டத்தையே நம் வீட்டுக்குள் கொண்டு வந்து படுக்க வைத்தாய். வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அடுப்பங்கரை வரைக்கும் காலும் தலையுமாய் ஆட்கள். என் கட்டிலில் யாரோ ஒரு கிழவி குறட்டை விடுகிறாள். உன் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். நீ ஓடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, "அடிச்சிட்டு போப்பா, அவங்கள எழுப்பாத" என்றாய். பக்கிள் பட்டு முதுகில் ரத்தம் வந்தது. அப்படியும் வாசல் நிலைக்கு மேலே மாதா படம் போட்ட டைல்ஸை நீயே சிமென்ட் குழைத்து ஒட்டினாய், நடக்கிறவர்கள் பார்த்தால் கதவைத் தட்டட்டும் என்று. அதற்கப்புறம் வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு பைக்கில் முன்னால் போய், மண்டபம், ஷெட், பள்ளிக்கூட வராந்தா என்று கெஞ்சிக் கேட்டு, குழுத் தலைவர்களுக்குப் போன் போட்டுச் சொல்வாய். மூடிக் கிடந்த ரைஸ் மில்லை அப்படித்தான் பிடித்தாய். நெல் காயப்போடுகிற சிமென்ட் களம், போர்த் தண்ணீர், ஓட்டை விழுந்திருந்தாலும் கூரை. நம் ரோட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த நல்ல இடத்தை நீ இரண்டு கூட்டத்துக்குச் சொன்னாய், மொச்சை.

பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்களே, பகல் ஷிஃப்ட்காரன் எழுந்து போனால் ராத்திரி ஷிஃப்ட்காரன் அதே பாயில் வந்து படுப்பான். பாய் ஆறவே ஆறாது. நீ அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாய். "எடம் இல்லன்னு சொல்றவன் டைம் பாக்கத் தெரியாதவன்மா. காலைல வர்றவங்க நாலு மணிக்குக் கெளம்பிடுவாங்க, சாயங்காலம் வர்றவங்க ஆறு மணிக்கு உள்ள வருவாங்க. ஒரே மில்லு, ரெண்டு ஷிஃப்ட்டு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பெருமையாகச் சொன்னாய். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நம் ரோட்டில் எல்லாமே அப்படித்தானே நடக்கிறது.

அன்றைக்கு நாலு மணிக்கு மழை பிடித்தது. காலையில் வந்த திருவள்ளூர்க் கூட்டம் மூட்டை கட்டிவிட்டு நின்றது. அவர்கள் தலைவர், "மாதா நனையக் கூடாது, மழை விட்டாத்தான் தேரு வெளிய வரும்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் வர வேண்டிய அரக்கோணம் கூட்டம் அந்த மழையிலேயே நடந்து வந்துவிட்டது. இடுப்பில் குழந்தைகளோடு பொம்பளைகள் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் தேரும் நனைந்துகொண்டு நின்றது. உள்ளே ஒரு மாதா, வெளியே ஒரு மாதா, நடுவில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நீ. "அண்ணே, அஞ்சு நிமிசம்ணே, மழ உட்டுடும்ணே, கெளம்பிடுவாங்கண்ணே" என்று கத்தினாயாம். "எங்களுக்குச் சொன்ன எடத்த அவனுங்களுக்கு குட்த்துட்டு கத சொல்றியா" என்று உன் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவன் ஒருத்தன் வெளியே இருந்தவளின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்ல, அப்புறம் வார்த்தைக்கு வேலை இல்லை. களத்து ஓரத்துச் செங்கல் பறந்தது. மரியே வாழ்க என்று பாடிக்கொண்டு வந்த பொம்பளைகள் ஒருத்தி மயிரை ஒருத்தி கொத்தாய்ப் பிடுங்கினார்கள். பல் விழுந்தது, காது கிழிந்தது. உன்னை அடித்தவன், அரக்கோணம் தேரில் கொடி கட்டியிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கி, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்ற உன் காதுக்குப் பின்னால் இறக்கினான். விழுந்த பிறகும் இறக்கினான்.

நான் கேன்டீன் ஏப்ரனோடு ஓடி வந்தேன். மில் வாசல்படிக்கு உள்ளே உன் காலும் வெளியே உன் தலையும் கிடந்தது. மழைத் தண்ணீர் உன்னை அலசிக்கொண்டு களத்துச் சரிவில் சிவப்பாய் ஓடியது. உன் மண்டையைக் கையில் ஏந்தினேன். நீ பிறந்தபோது இருந்த மாதிரி பின்பக்கம் மெத்தென்று இருந்தது. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

உனக்கு அப்போதே சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன், உன் சிநேகிதர்களாவது கேட்டுக்கொள்ளட்டும். சைரன் அடித்தால் எழுந்து போவதற்கு நடக்கிறவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை. காலில் கொப்புளம் உடைந்து படுத்தவன் எழுந்திருப்பது அவன் கையில் இல்லை. ஒருத்தருக்கு ஒரு இடம் கொடுத்தால் அடுத்தவரிடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் திட்டுவார்கள், காறித் துப்புவார்கள், இன்னும் இரண்டு மைல் நடந்து போவார்கள். இல்லை என்கிற வார்த்தை உன் வாயில் வந்ததே இல்லை. அந்த ஒரு வார்த்தையை உனக்குப் பழக்கிவிட்டிருந்தால் நீ இன்றைக்கு வீட்டில் இருப்பாய்.

இனி இந்த வாரத்துக் கதைக்கு வருகிறேன். அரக்கோணம் கூட்டம் இந்த வருஷமும் இதே ரோட்டில் வருகிறது என்று தெரிந்ததும் டேவிட் வந்தான். ஒரே பெஞ்சில் உன்கூடப் படித்து, கம்பெனியில் ஒரே லைனில் உன்கூட வேலை பார்த்த டேவிட்தான். பின்னால் எட்டுப் பத்துப் பேர். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கம்பி, செயின் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார்கள். "அம்மா, நீ ஒரு வார்த்த சொல்லு. சொன்னா போதும்" என்றான். உன் அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி இருந்தார். நான் சொன்னேன். "வரட்டும். ஒருத்தனும் காலோட திரும்பிப் போவக் கூடாது" என்றேன். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்த மாதாவுக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன். அன்றைக்கு ஒரு வருஷத்துக்கப்புறம் வயிறாரச் சோறு தின்றேன்.

அவர்கள் வந்தது வெயில் உச்சிக்கு ஏறின நேரம். எனக்கு அன்றைக்கு வார லீவு. கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் ஒரு பொம்பளை. காவிச் சேலை, என் வயசுதான் இருக்கும், பாதம் இரண்டும் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நீ ஒட்டின டைல்ஸைக் காட்டி, "மாதா படம் கீதேன்னு வந்தேம்மா. பெட்ரோல் பங்குல தொரத்திட்டாங்க, மண்டபத்துல தொரத்திட்டாங்க. பின்னால புள்ள குட்டியோட வர்றாங்க. வெயில் சாயற வரைக்கும் எங்கனா நெழல் கெடைக்குமா?" என்றாள். பெயர் புஷ்பமாம். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து குடித்தாள். இடம் கேட்க ஆம்பளை யாரும் வரவில்லையா என்றேன். "இந்த ஊர்ல எங்க ஆம்பளைங்கள அடிப்பாங்க. பொம்பள போனா கேட்டுட்டாவது அடிப்பாங்கன்னு நான்தான் முன்னால வந்தேன்" என்றாள்.

அரக்கோணம் கூட்டம்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. "யாருக்கு வேண்டிகினு நடக்கற?" என்றேன்.

"மவனுக்கும்மா. உள்ள கீறான்."

"இன்னா பண்ணான்?"

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "அடிச்சிட்டான். ஒரு புள்ள பூட்ச்சி. இங்கதாம்மா, ரைஸ் மில்லாண்ட. அந்தப் புள்ளயோட வூடு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா சொல்லு. அந்தத் தாயி மூஞ்சில நான் முழிக்கக் கூடாது. சுத்திகினு பூட்றேன்."

கதவு மூலையில் மண்வெட்டிக் காம்பு கழன்று கிடந்தது. எடுத்தேன், அடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. பச்சை மூங்கில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். "இந்த வூடுதாண்டி" என்றேன். இரண்டாவது அடி முதுகில். அவள் கத்தவில்லை, எழுந்து ஓடவில்லை. முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு வாசல்படியில் சுருண்டாள். மூன்றாவதுக்கு ஓங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்து, "அடிச்சிட்டு போம்மா" என்றாள். நான் நிறுத்தியது அந்த வார்த்தைக்காக இல்லை, இரக்கத்தாலும் இல்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

அதற்குள் பைக்குகள் வந்துவிட்டன. யாரோ எங்கள் பேச்சைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். டேவிட் கம்பியோடு இறங்கினான். "இவதான் அவன் ஆத்தாளா? நவுருமா நீ" என்று ஓங்கினான். அவன் மணிக்கட்டில் நான் காம்பால் ஒரு போடு போட்டேன். கம்பி தெறித்துப் போய் ஆட்டோ கண்ணாடியில் விழுந்தது.

"இன்னாமா நீ! நீதானே சொன்ன?"

"சொன்னேன். இப்ப அடிச்சி முட்ச்சிட்டேன். இவள அடிக்க எனக்கு பாத்தியத கீது. உனுக்கு இன்னாடா கீது?"

"அவன் என் பிரண்டுமா."

"பிரண்டுன்னா அன்னிக்கு மழைல எங்கடா இருந்த? கம்பெனில ஓவர்டைம் பாத்துகினு இருந்த. போடா."

அது அவனுக்குச் சுட்டிருக்கும். தெரிந்துதான் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ரோட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதான். உன் சாவுக்குக்கூட அழாதவன்.

நான் காம்போடு மெயின் ரோட்டுக்குப் போனேன். கூட்டம் வந்து நின்றிருந்தது. பாதிக்கு மேல் பொம்பளைகள். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், ஒரு பக்கம் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிற லாரிகள், எதிரே கம்பியோடு மிச்சப் பையன்கள். தார் கொதித்தது. ஒவ்வொருத்தரும் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருத்தரும் நகரவில்லை. நீ இருந்தால் அந்த நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாலு பேரைக் கெஞ்சியிருப்பாய். எனக்குக் கெஞ்ச வராது. நேரே ரைஸ் மில்லுக்குப் போனேன். போலீஸ் போன பிறகு முதலாளி புதுப் பூட்டுப் போட்டிருந்தார். களத்துச் செங்கல் ஒன்றை எடுத்து அடித்தேன். செங்கல் உடைந்தது. இன்னொன்றை எடுத்தேன். பூட்டு பிய்ந்து விழுகிற வரைக்கும் அடித்தேன், என் விரல் நகம் இரண்டு அதோடு போனது. உள்ளே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வாசல்படியைக்கூட விடவில்லை.

கூட்டம் படிக்கு வெளியே நின்றுவிட்டது. அந்தப் படியைத் தாண்ட ஒருத்தருக்கும் கால் வரவில்லை. மிதிக்காமல் போகிற வழியும் இல்லை. "உள்ள போங்கடி" என்று கத்தினேன். "அவன் உங்களுக்குச் சொன்ன எடம்தான் இது. ஒரு வருசம் லேட்டு. போங்க." தேரைத் தூக்கிக்கொண்டுதான் படியைத் தாண்டினார்கள். பொம்பளைகள் குனிந்து படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கும்பிடாதே என்று ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டேன். வெயில் சாய்கிற வரைக்கும் கேட்டில் நானே நின்றேன். எதிர்ப்பக்கம் பையன்கள் நின்றார்கள். ஒருத்தனும் ரோட்டைத் தாண்டவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு, அதுவரைக்கும் உன் அப்பா வீட்டுக்குள் படுக்க வைத்திருந்த புஷ்பத்தை அவரே ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நானும் போனேன், போலீஸ் கேஸ் ஆனால் ஆகட்டும் என்றுதான். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, தோளில் காறை எலும்பு முறிந்திருக்கிறது, யார் அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "யாரும் அடிக்கல சார். கால் வழுக்கி படில உழுந்துட்டேன்" என்றாள். டாக்டர் என் விரலைப் பார்த்தார். "இவங்களும் வழுக்கிட்டாங்களா?" என்றார். உன் அப்பா, "ஆமா சார், எங்க வூட்டுப் படி கொஞ்சம் மோசம்" என்றார்.

அவள் கூட்டம் அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டது. தோளில் கட்டோடு இவளால் போக முடியவில்லை. ஊருக்கு பஸ் ஏற்றிவிடுகிறோம் என்றோம், நேர்ந்துகொண்டு பாதியில் திரும்ப மாட்டேன் என்கிறாள். அதனால் நம் வீட்டில்தான் கிடக்கிறாள். நான் சோறு போடுகிறேன், பேசுவதில்லை. ஒரு நாள் அவளாகவே, "என் மவன் அடிச்சது நெசம். பொய் சொல்லி அவன மீட்டுக் குடுன்னு நான் மாதாவ கேக்கல. அவன் திரும்பி மனுசனா வரணும்னுதான் கேக்கறேன்" என்றாள். "என் மவன் எப்புடிடி வருவான்?" என்றேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவளை நான் மன்னிக்கவில்லை, மொச்சை. உன்னை அடித்தவனுக்கு ஆகிற தண்டனை ஆகட்டும், கோர்ட்டில் நான் பார்த்ததை ஒரு எழுத்து குறையாமல் சொல்லுவேன். ஆனால் நாளைக் காலையில் அவள் கிளம்புகிறாள். ஒற்றைக் கையால் மூட்டை தூக்க முடியாது, கொண்டையை முடியக்கூட முடியாது. அந்தக் கையை ஒடித்தவள் நான். அதனால் நானும் அவளோடு நடக்கிறேன். பக்தியில் இல்லை. வேளாங்கண்ணி வரைக்கும் நீ எப்படிச் செத்தாய் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே போகப் போகிறேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே நடக்கட்டும். அங்கே போய் மாதாவிடமும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. உன் அப்பா தடுக்கவில்லை. "ரெண்டு பேரும் வழியில அடிச்சிகினு சாவாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் திருவிழா முடிந்திருக்கும். பந்தல்களைப் பிரித்திருப்பார்கள், கஞ்சி ஊற்றுகிறவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கூட்டத்தோடு போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு பொம்பளைகள் தனியாய்ப் போய், வராந்தாவில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், எந்த வீட்டுக்காரியும் முதலில் கேட்பது ஒன்றுதான். எனக்கு உன்னை மாதிரி பேசி இடம் வாங்கத் தெரியாது. பொய் சொல்லவும் வாய் வராது, உள்ளதைச் சொன்னால் ஒருத்தியும் கதவு திறக்க மாட்டாள். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி என்ன வேண்டும் என்று அவள் கேட்டால், நான் என்னடா சொல்லட்டும்?